பைதானும் சி-யும் சேர்ற இடத்துல மெமரி ஒழுகுதா? படிப்படியா கண்டுபிடிச்சு அடைக்கிற வழி

பைதான் சர்வர் ஒண்ணு ஓடுது, உள்ளே சி லைப்ரரி ஒண்ணை கூப்பிடுது. காலைல 200 எம்பில ஆரம்பிச்ச ப்ராசஸ் சாயங்காலம் 3 ஜிபில வந்து நிக்குது, ராத்திரி எப்பவோ கெர்னல் அதை கொன்னுடுது, அப்ளிகேஷன் லாக்ல ஒரு எரரும் இல்ல, மறுநாள் மேனேஜர் கேட்டா சொல்ல பதிலும் இல்ல. இந்த நிலைமைல இருக்கீங்கன்னா இது உங்களுக்குத்தான்.

தனி பைதான்ல லீக் (வாங்கின மெமரியை திருப்பித் தராம விடறது) வந்தா ஓரளவு ஈஸியா பிடிச்சுடலாம். தனி சி-ல வந்தாலும் வால்கிரைண்ட்னு மெமரி தப்பு தேடற டூலை போட்டா காட்டிக்குடுத்துடும். ரெண்டும் சேர்ற இடத்துல வர்றதுதான் தலைவலி, ஏன்னா பைதான் டூல் அதோட பக்கத்தை மட்டும் பாத்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லும், சி டூலோ பைதான் போடற சத்தத்துல முக்கியமானதை மறைச்சுடும். நான் இதுல மாட்டி முழிச்சப்ப தேவையான விஷயம் எல்லாம் அங்கங்க சிதறிக் கிடந்துச்சு, அதான் அடுத்து வர்றவங்களுக்காவது வரிசையா இருக்கட்டும்னு எழுதறேன்.

முன்னாடியே ரெண்டு விஷயம். இங்க சொல்றது எல்லாம் லினக்ஸ்ல ஓடற சிபைதான் 3 (வழக்கமா எல்லாரும் இன்ஸ்டால் பண்ற பைதான்) பத்தி. ஃபங்ஷன் பேரை எல்லாம் வாயால சொல்ற மாதிரியே எழுதியிருக்கேன், டாக்குமெண்டேஷன்ல தேடும்போது இங்கிலீஷ் ஸ்பெல்லிங் போட்டு தேடிக்கோங்க.

1. முதல்ல இது லீக்தானான்னு உறுதி பண்ணுங்க

இதை விட்டுட்டு நேரா டூலுக்கு போறவங்கதான் அதிகம், வாரக்கணக்குல நேரம் போறதும் இங்கதான். மெமரி ஏறுது, இறங்கல, உடனே லீக்னு முடிவு பண்ணிடாதீங்க. 512 பைட் வரைக்குமான சின்ன ஆப்ஜெக்டுக்கு எல்லாம் பைதான் தன்னோட சொந்த அலொகேட்டரை வச்சிருக்கு, அது அரீனான்னு பெரிய துண்டா வாங்கி உள்ளுக்குள்ள பிரிச்சு குடுக்கும் (3.10-லேர்ந்து ஒரு அரீனா 1 எம்பி, அதுக்கு முன்னாடி 256 கேபி). ஒரு அரீனாவுல ஒரே ஒரு ஆப்ஜெக்ட் உயிரோட இருந்தாக்கூட முழு அரீனாவும் ஓஎஸ்-க்கு திரும்பிப் போகாது. கீழ இருக்கற ஜிலிப்சியோட (லினக்ஸோட சி லைப்ரரி) மாலக்கும் (மெமரி ஒதுக்கற ஃபங்ஷன்) த்ரெட்டுக்கு ஒண்ணா தனி அரீனா போட்டுக்கும், த்ரெட் நிறைய ஓடற சர்வர்ல இது மட்டுமே நூத்துக்கணக்கான எம்பி தின்னும். மாலக் அரீனா மேக்ஸ்ங்கற என்விரான்மென்ட் வேரியபிளை 2-ன்னு வச்சு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க, ஏறுறது நின்னு போச்சுன்னா உங்களுக்கு லீக்கே இல்ல, வேலை முடிஞ்சது.

அடுத்தது அளக்கற முறை. கெட்-ஆர்-யூசேஜ் குடுக்கற மேக்ஸ்-ஆர்எஸ்எஸ் நம்பரை எடுத்து கிராஃப் போடாதீங்க. அது இதுவரைக்கும் தொட்ட உச்சம், எப்பவுமே இறங்காது, அதை பாத்தா எல்லா ப்ரோக்ராமும் லீக் ஆகற மாதிரிதான் தெரியும். போதாக்குறைக்கு லினக்ஸ்ல அது கேபில வரும், மேக்ல பைட்ல வரும். பிஎஸ்யுடில் லைப்ரரில ப்ராசஸோட மெமரி-இன்ஃபோ எடுத்து அதுல ஆர்எஸ்எஸ் பாருங்க, அதுதான் ப்ராசஸ் இப்ப ராம்ல பிடிச்சிருக்கற அளவு.

சந்தேகப்படற ஃபங்ஷனை மட்டும் தனியா பிரிச்சு ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதுங்க. முதல்ல 1,000 தடவை சும்மா கூப்பிடுங்க, கேஷ் எல்லாம் நிரம்பட்டும். அப்புறம் ஒவ்வொரு 10,000 காலுக்கும் ஒரு தடவை ஆர்எஸ்எஸ் பிரிண்ட் பண்ணுங்க. கொஞ்சம் ஏறிட்டு சமமா நின்னா லீக் இல்ல. நேர்கோடா ஏறிக்கிட்டே போனா லீக். ஏறின அளவை கால் எண்ணிக்கையால வகுத்தா ஒரு காலுக்கு எத்தனை பைட் ஒழுகுதுன்னு வரும், இந்த ஒரு நம்பர்தான் இருக்கறதுலயே நல்ல துப்பு. 60 பைட் பக்கம்னா குட்டி பைதான் ஆப்ஜெக்ட் ஏதோ மாட்டிக்கிச்சு. 1 கேபி, 4 கேபின்னா பஃபரோ ஸ்ட்ரிங்கோ. இன்னும் தெளிவா வேணும்னா இன்புட் சைஸை 1 கேபிலேர்ந்து 100 கேபிக்கு மாத்தி ஓட்டுங்க. ஒழுகற அளவும் கூடவே ஏறினா ஒழுகறது டேட்டா, மாறவே இல்லன்னா அதைச் சுத்தி இருக்கற ஸ்ட்ரக்சரோ ஹேண்டிலோ.

2. எந்தப் பக்கம் ஒழுகுதுன்னு பிரிங்க

இதுக்கு காசும் வேண்டாம், இன்ஸ்டாலும் வேண்டாம். பைதான் கூடவே வர்ற ட்ரேஸ்மாலக் போதும் (3.4-லேர்ந்து இருக்கு). லூப்புக்கு முன்னாடி ஒரு ஸ்னாப்ஷாட், பின்னாடி ஒரு ஸ்னாப்ஷாட், ரெண்டையும் கம்பேர் பண்ணுங்க. ட்ரேஸ்மாலக்குக்கு பைதான் அலொகேட்டர் வழியா போன மெமரி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், சி கோட் நேரா மாலக் கூப்பிட்டு வாங்கினது அதுக்கு தெரியவே தெரியாது. இந்தக் குறைதான் நமக்கு இங்க உதவி.

ஆர்எஸ்எஸ் 10 எம்பி ஏறி, ட்ரேஸ்மாலக் ஏறக்குறைய பூஜ்யம் காட்டினா ஒழுகறது சி பக்க மாலக். நேரா 3-வது, 4-வது படிக்கு போங்க. ரெண்டும் ஒண்ணா ஏறினா பைதான் ஆப்ஜெக்ட்தான் சாகாம கிடக்கு, அதுலயும் மூணு வகை இருக்கு.

ஜிசி (கார்பேஜ் கலெக்டர், யாருக்கும் வேண்டாத ஆப்ஜெக்டை தேடி விடறது) மாட்யூல்ல கலெக்ட் கூப்பிட்டதும் இறங்குதா? அப்ப அது சைக்கிள் (ஆப்ஜெக்டுங்க ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கற வளையம்), நிஜ லீக் இல்ல, ஆனா ஜிசி ஓடற வரைக்கும் மெமரியை பிடிச்சு வச்சிருக்கும். இறங்கலையா, மாட்டிக்கிட்ட ஆப்ஜெக்ட் ஒண்ணை பிடிச்சு ஜிசி கெட்-ரெஃபரர்ஸ்ல குடுங்க. ஏதாவது லிஸ்டோ டிக்‌ஷனரியோ வந்தா உங்க பைதான் கோட்லயே யாரோ அதை சேர்த்து வச்சிருக்காங்க, அது சாதாரண பக். யாருமே பிடிக்கல, ஆனா சிஸ் கெட்-ரெஃப்கவுண்ட் (ஆப்ஜெக்டை எத்தனை பேர் பிடிச்சிருக்காங்கங்கற எண்ணிக்கை) மட்டும் ஏறி நிக்குதுன்னா சி பக்கம் எங்கயோ அந்த எண்ணிக்கையை குறைக்கற டெக்ரெஃப் விட்டுப் போச்சு, 5-வது படிக்கு போங்க. ஒண்ணு கவனிக்கணும், ஜிசி லிஸ்ட்ல லிஸ்ட், டிக்‌ஷனரி மாதிரி கண்டெய்னர்தான் வரும், ஸ்ட்ரிங், பைட்ஸ், நம்பர் எல்லாம் வராது. அதுல இல்லைங்கறதுக்காக லீக் இல்லைன்னு நினைச்சுடாதீங்க.

ட்ரேஸ்மாலக் ஆன் பண்ணா வேகமும் குறையும், அதுக்குன்னு தனியா மெமரியும் எடுக்கும். ப்ரொடக்‌ஷன்ல ஆன் பண்ணிட்டு மறந்துடாதீங்க.

3. எழுதி வச்சுக்க வேண்டிய ஒரே டாக்குமெண்ட்

டூலை தொடறதுக்கு முன்னாடி ஒரு ஷீட் திறங்க. பைதானுக்கும் சி-க்கும் நடுவுல போற வர்ற ஒவ்வொரு பாயிண்டருக்கும் ஒரு வரி: எந்த ஃபங்ஷன் குடுத்துச்சு, யார் ஃப்ரீ பண்ணணும், எந்த ஃபங்ஷனால ஃப்ரீ பண்ணணும், எப்ப. அவ்ளோதான். போரிங் வேலைதான், ஆனா பாதி லீக் இந்த ஷீட்லயே மாட்டிடும், ஏன்னா மூணாவது கட்டம் நிரப்ப முடியாம ஒரு வரி காலியா நிக்கும் பாருங்க, பெரும்பாலும் அதுதான்.

இந்த விவரம் ஹெடர் ஃபைல் கமெண்ட்லயும் லைப்ரரி மேனுவல்லயும் இருக்கும். ரிட்டர்ன் டைப்ல கான்ஸ்ட் இருந்தா பெரும்பாலும் ஃப்ரீ பண்ணக் கூடாது, கான்ஸ்ட் இல்லாத கேரக்டர் பாயிண்டர் வந்தா பெரும்பாலும் நாமதான் பண்ணணும். ஆனா பெரும்பாலும்தான், மேனுவலை பாக்காம முடிவு பண்ணாதீங்க. தெரிஞ்ச சில உதாரணம்:

கர்ல் லைப்ரரில ஈஸி-எஸ்கேப் குடுக்கற ஸ்ட்ரிங்கை கர்ல்-ஃப்ரீயாலதான் விடணும். எஸ்கியூலைட்ல எக்ஸெக் ஃபங்ஷன் எழுதித் தர்ற எரர் மெசேஜை எஸ்கியூலைட்3-ஃப்ரீயால விடணும், ஆனா அதே லைப்ரரில காலம்-டெக்ஸ்ட் குடுக்கற பாயிண்டர் ஸ்டேட்மெண்டுக்கு சொந்தம், அதை நாம தொடவே கூடாது. லிப்-எக்ஸ்எம்எல்2-ல கெட்-ப்ராப் குடுக்கறதை எக்ஸ்எம்எல்-ஃப்ரீயால விடணும். சி லைப்ரரி வேஷத்துல வர்ற ரஸ்ட் கோடா இருந்தா இன்னும் கவனம் வேணும், சி-ஸ்ட்ரிங் இன்டு-ரா போட்டு வெளிய அனுப்பினதை சி-யோட ஃப்ரீயால விடக் கூடாது, ரஸ்டுக்கே திருப்பி அனுப்பி ஃப்ரம்-ரா போட வைக்கணும். அதுக்குன்னு ஒரு ஃபங்ஷனை ரஸ்ட் பக்கம் வெளியிடச் சொல்லி கேளுங்க.

எல்லாத்துக்கும் சாதாரண ஃப்ரீ போட்டா லினக்ஸ்ல பல சமயம் ஓடிடும், அதே கோட் விண்டோஸ்ல க்ராஷ் ஆகும், ஏன்னா அங்க ஒவ்வொரு டிஎல்எல்லும் வேற வேற சி ரன்டைமோட, வேற ஹீப்போட வரலாம். குடுத்தவங்க கிட்டயே திருப்பிக் குடுங்கங்கறதுதான் ரூல்.

ஜாவா-சி பாலம்னாலும் இதே ஷீட்தான்: ஜேஎன்ஐ-ல கெட்-ஸ்ட்ரிங்-யூடிஎஃப்-கேர்ஸ் போட்டா ரிலீஸ் போடணும், பெரிய லூப்புக்குள்ள லோக்கல் ரெஃபரன்ஸ் குவிஞ்சா நீங்களே டிலீட் பண்ணணும். கோ-ல சி-ஸ்ட்ரிங் உண்டாக்கினா அது கோ-வோட ஜிசி கண்ணுல படாது, ஃப்ரீ உங்க பொறுப்பு.

4. சிடைப்ஸ் யூஸ் பண்றீங்கன்னா: அந்த சி-கேர்-பி பொறி

சிடைப்ஸ்னா சி லைப்ரரியை பைதான்லேர்ந்தே நேரா கூப்பிட பைதான் கூடவே வர்ற மாட்யூல். புதுசா வர்றவங்க முக்கால்வாசி பேர் மாட்டறது இதுலதான், ட்ரேஸ்மாலக்கும் இதை காட்டாது, அதனால மெதுவா சொல்றேன்.

சி பக்கம் ஒரு ஃபங்ஷன் இருக்கு, உள்ள மாலக் போட்டு ஒரு ஜேசன் ஸ்ட்ரிங் செஞ்சு பாயிண்டரை ரிட்டர்ன் பண்ணுது. பைதான்ல நீங்க அதோட ரெஸ்டைப்பை (ரிட்டர்ன் டைப்) சி-கேர்-பின்னு (சி ஸ்ட்ரிங் பாயிண்டர்) வைக்கறீங்க. கூப்பிட்டா அழகா பைட்ஸ் ஆப்ஜெக்ட் வருது, டீகோட் பண்ணி யூஸ் பண்றீங்க, டெஸ்ட் பாஸ். உள்ள நடந்தது என்னன்னா, சிடைப்ஸ் அந்த மெமரியை ஒரு காப்பி எடுத்து பைட்ஸா உங்க கைல குடுத்துட்டு ஒரிஜினல் பாயிண்டரை தூக்கிப் போட்டுடுச்சு. இப்ப அந்த அட்ரஸ் உலகத்துல யார்கிட்டயும் இல்ல, நீங்க ஃப்ரீ பண்ணணும்னு நினைச்சாக்கூட முடியாது. ஸ்ட்ரிங் 1 கேபி, செகண்டுக்கு 200 ரிக்வெஸ்ட்னு வைங்க, ஒரு மணி நேரத்துல 700 எம்பி போச்சு.

சரியான முறை: ரெஸ்டைப்பை சி-வாய்ட்-பின்னு வைங்க. இப்ப அட்ரஸ் ஒரு நம்பரா வரும் (நல் பாயிண்டர்னா பைதானோட நன் வேல்யூ வரும், அதை செக் பண்ணுங்க). சிடைப்ஸ்ல ஸ்ட்ரிங்-அட் ஃபங்ஷனால அந்த அட்ரஸ்லேர்ந்து பைட்ஸை காப்பி எடுங்க. அப்புறம் லைப்ரரியோட ஃப்ரீ ஃபங்ஷனுக்கு அந்த அட்ரஸை குடுங்க. காப்பி எடுக்கறது ட்ரை உள்ள, ஃப்ரீ ஃபைனலி உள்ள, இல்லன்னா டீகோட் எரர் வர்ற அன்னிக்கு மட்டும் ஒழுகும், அதை பிடிக்கறது இன்னும் கஷ்டம்.

இதுலயும் ஒரு குழி இருக்கு. ஃப்ரீ ஃபங்ஷனுக்கு ஆர்க்டைப்ஸ் (ஆர்க்யூமென்ட் டைப்) வைக்காம விட்டீங்கன்னா சிடைப்ஸ் அந்த நம்பரை சாதாரண சி இன்ட்டா எடுத்துக்கும், 64-பிட் அட்ரஸ் பாதியா வெட்டுப்பட்டுப் போகும், ஃப்ரீ வேற ஏதோ அட்ரஸ்ல போய் விழுந்து செக்மென்டேஷன் ஃபால்ட். லீக்கை சரி பண்ணப் போய் க்ராஷ் வாங்கிட்டு, சரி லீக்கே பரவாயில்லன்னு பழைய கோடுக்கு திரும்பிப் போனவங்க நிறைய பேர் இருக்காங்க. ஆர்க்டைப்ஸ்ல சி-வாய்ட்-பி, ரெஸ்டைப் நன், ரெண்டையும் வச்சுட்டுத்தான் அடுத்த வரிக்கே போகணும்.

ஹேண்டில் மாதிரி ரொம்ப நேரம் உயிரோட இருக்கற விஷயம்னா (பார்சர், கனெக்‌ஷன், மாடல்) பைதான் கிளாஸ் ஒண்ணுல சுத்தி வைங்க. க்ளோஸ் மெத்தட் ஒண்ணு, வித் போட வசதியா என்டர்-எக்ஸிட், கூடவே வீக்ரெஃப் மாட்யூல்ல இருக்கற ஃபைனலைஸ். டெல் மெத்தட் மட்டும் போதும்னு பலர் விட்டுடறாங்க, எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. பைதான் மூடுற நேரத்துல அது கூப்பிடப்படும்னு கேரண்டி கிடையாது, கூப்பிட்டாலும் தேவைப்படற மாட்யூல் அப்ப இருக்குமான்னும் தெரியாது. ஃபைனலைஸ்ல ஒண்ணே ஒண்ணு பாத்துக்கோங்க, அதுக்கு குடுக்கற ஃபங்ஷன்லயோ ஆர்க்யூமென்ட்லயோ செல்ஃப் வரவே கூடாது. வந்தா அந்த ஆப்ஜெக்ட் என்னைக்கும் சாகாது, நாமளே புதுசா ஒரு லீக் செஞ்ச கதை.

5. சி எக்ஸ்டென்ஷன் எழுதறீங்கன்னா: யார் எண்ணிக்கையை குறைக்கணும்

சி எக்ஸ்டென்ஷன்னா சி-லயே எழுதற பைதான் மாட்யூல். இங்க மாலக்-ஃப்ரீ போய் இன்க்ரெஃப்-டெக்ரெஃப் (எண்ணிக்கையை ஏத்தறது, குறைக்கறது) வரும். பைதானோட சி ஏபிஐ பேஜ்ல ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கீழ ரிட்டர்ன் வேல்யூ நியூ ரெஃபரன்ஸா, பாரோட் ரெஃபரன்ஸான்னு போட்டிருக்கும். நியூன்னா அது உங்க சொத்து, வேலை முடிஞ்சதும் டெக்ரெஃப் உங்க கடமை. பாரோட்னா பக்கத்து வீட்டு பாத்திரம், யூஸ் பண்ணிக்கலாம், விக்கக் கூடாது. இதுக்கு மேல ஸ்டீல்னு ஒரு வகை இருக்கு, நீங்க குடுத்த ரெஃபரன்ஸை அந்த ஃபங்ஷனே எடுத்துக்கும், நீங்க டெக்ரெஃப் பண்ணக் கூடாது.

பிரச்சனை என்னன்னா, பாக்க ஒரே மாதிரி இருக்கற ஃபங்ஷன் வேற வேற மாதிரி நடந்துக்கும். மனப்பாடம் பண்ண வேண்டிய ஜோடிங்க:

லிஸ்ட்-செட்ஐட்டம் ஸ்டீல் பண்ணும், லிஸ்ட்-அப்பெண்ட் பண்ணாது. புது ஆப்ஜெக்ட் செஞ்சு அப்பெண்ட் பண்ணிட்டு டெக்ரெஃப் விட்டுட்டா ஒரு அப்பெண்டுக்கு ஒரு ஆப்ஜெக்ட் ஒழுகும். சி எக்ஸ்டென்ஷன்ல வர்ற லீக்ல இதுதான் ராஜா.

டியூப்பிள்-செட்ஐட்டம் ஸ்டீல், டிக்ட்-செட்ஐட்டம் ஸ்டீல் இல்ல. டிக்ட்-செட்ஐட்டம்-ஸ்ட்ரிங் உள்ளேயே நேரா லாங்-ஃப்ரம்-லாங் எழுதறது பாக்க சின்னதா அழகா இருக்கும், ஆனா அந்த நம்பர் ஆப்ஜெக்டை பிடிக்க வேரியபிளே இல்ல, எப்படி டெக்ரெஃப் பண்ணுவீங்க? தனி வேரியபிள்ல எடுங்க, செட் பண்ணுங்க, டெக்ரெஃப் பண்ணுங்க. மூணு வரி ஆகும், ஆகட்டும்.

லிஸ்ட்-கெட்ஐட்டம் பாரோட், சீக்வென்ஸ்-கெட்ஐட்டம் நியூ. ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை போட்டா ஒரு பக்கம் லீக், எதிர் திசைல மாத்தினா க்ராஷ். 3.13-ல வந்த லிஸ்ட்-கெட்ஐட்டம்-ரெஃப், டிக்ட்-கெட்ஐட்டம்-ரெஃப் ரெண்டும் எப்பவும் உங்களுக்கு சொந்தமான ரெஃபரன்ஸே தரும். புதுசா எழுதறீங்க, பழைய வெர்ஷன் சப்போர்ட் வேண்டாம்னா இதையே யூஸ் பண்ணுங்க.

பில்ட்-வேல்யூல பெரிய ஓ போட்டா எண்ணிக்கை ஒண்ணு கூடும், பெரிய என் போட்டா கூடாது. நீங்களே செஞ்ச லிஸ்டை ஓ போட்டு ரிட்டர்ன் பண்ணா அந்த லிஸ்ட் முழுசா, உள்ள இருக்கற எல்லாத்தோடயும் சேர்ந்து, ஒவ்வொரு காலுக்கும் ஒழுகும். ஒரே ஒரு எழுத்து வித்தியாசம், கோட் ரிவ்யூல யார் கண்லயும் படாது.

ஆர்க்யூமென்ட் பார்ஸ் பண்ணும்போது எஸ்-ஸ்டார் ஃபார்மட் போட்டா முடிவுல பஃபர்-ரிலீஸ் கட்டாயம். ஈஎஸ் ஃபார்மட் போட்டு பைதானையே பஃபர் ஒதுக்கச் சொன்னா பைமெம்-ஃப்ரீ கட்டாயம். வெறும் எஸ்-க்கு ஒண்ணும் வேண்டாம்.

பைதான் ஃபங்ஷனை சி-லேர்ந்து கூப்பிட்டா ரிட்டர்ன் வேல்யூ உங்களுக்கு தேவையே இல்லைன்னாலும் அது நியூ ரெஃபரன்ஸ், டெக்ரெஃப் பண்ணணும். அது வெறும் நன் வேல்யூவா வந்துட்டு இருந்த வரைக்கும் தப்பு தெரியாது, யாரோ ஒருத்தர் அந்த ஃபங்ஷன்லேர்ந்து பெரிய டிக்‌ஷனரி ரிட்டர்ன் பண்ண ஆரம்பிச்ச அன்னிக்கு வெடிக்கும்.

இதெல்லாம் சரியா எழுதினவங்களும் கோட்டை விடற இடம் எரர் பாதை. நடுவுல ஏதோ ஃபெயில் ஆகி நல் ரிட்டர்ன் பண்ணும்போது அதுவரைக்கும் செஞ்சு வச்ச ரெண்டு மூணு ஆப்ஜெக்ட் அப்படியே அனாதையா நிக்கும். நான் ஃபாலோ பண்றது பழைய ஸ்டைல்: ஃபங்ஷன் ஆரம்பத்துல எல்லா வேரியபிளும் நல், கடைசில எரர்னு ஒரே ஒரு லேபிள், அங்க எல்லாத்துக்கும் எக்ஸ்-டெக்ரெஃப் (நல் வந்தாலும் அது கோச்சுக்காது), எங்க ஃபெயில் ஆனாலும் கோ-டூ போட்டு அங்க. கோ-டூ போடக் கூடாதுன்னு காலேஜ்ல சொல்லித் தந்திருப்பாங்க, சிபைதான் சோர்ஸை திறந்து பாருங்க, இப்படித்தான் நிறைய இடத்துல இருக்கு.

லீக் மாதிரியே தெரியற ஒண்ணு: யூனிகோட்-ஆஸ்-யூடிஎஃப்8 குடுக்கற பாயிண்டரை ஃப்ரீ பண்ணக் கூடாது, ஆனா அந்த யூடிஎஃப்8 காப்பி ஸ்ட்ரிங் ஆப்ஜெக்டுக்குள்ளயே உக்காந்துக்கும், ஸ்ட்ரிங் சாகற வரைக்கும் இருக்கும். தமிழ் டெக்ஸ்ட் மாதிரி ஆஸ்கி இல்லாத பெரிய ஸ்ட்ரிங் நிறைய மெமரில வச்சிருக்கற அப்ளிகேஷன்ல இது நல்லாவே தெரியும்.

நம்பைங்கற கணக்கு லைப்ரரியோட அரே ரிட்டர்ன் பண்றவங்களுக்கு ஒரு வரி: சிம்பிள்-நியூ-ஃப்ரம்-டேட்டா போட்டா அரே அந்த டேட்டாவுக்கு சொந்தக்காரன் ஆகாது. டிஸ்ட்ரக்டரோட ஒரு கேப்சூல் (சி பாயிண்டரை சுத்தி வைக்கற பைதான் ஆப்ஜெக்ட்) செஞ்சு அதை அரேவோட பேஸ் ஆப்ஜெக்டா வைங்க, அரே சாகும்போது டேட்டாவும் போகும். சி++ கோடை பைதானோட இணைக்கற பைபைண்ட்11-லயும் இதே கேப்சூல் வழிதான், ஆனா அங்க பாயிண்டர் ரிட்டர்ன் பண்ற ஃபங்ஷனுக்கு ரிட்டர்ன் வேல்யூ பாலிசியை நீங்களே எழுதிடுங்க, டிஃபால்டை நம்பாதீங்க. பாயிண்டர்னா டிஃபால்டா பைதான் சொந்தம் கொண்டாடும், சி++ பக்கமும் அதை டிலீட் பண்ணா ரெட்டை ஃப்ரீ.

6. கால்பேக் இருக்கா? தனியா பாருங்க

சிடைப்ஸ்ல சி-ஃபங்க்டைப் போட்டு செஞ்ச கால்பேக்கை (சி பக்கம் திருப்பிக் கூப்பிடற பைதான் ஃபங்ஷன்) சி லைப்ரரில பதிவு பண்ணா, பைதான் பக்கம் யாராவது அதை பிடிச்சு வச்சிருக்கணும், இல்லன்னா ஜிசி ஆகி அடுத்த கால்ல க்ராஷ். இது எல்லாருக்கும் சீக்கிரமே தெரிஞ்சுடும். தெரிஞ்சதும் என்ன பண்ணுவாங்கன்னா, குளோபல் லிஸ்ட் ஒண்ணு வச்சு ஒவ்வொரு கால்பேக்கையும் அதுல அப்பெண்ட் பண்ணிடுவாங்க. க்ராஷ் நின்னுடும், லீக் ஆரம்பிச்சுடும், அதுவும் கால்பேக் க்ளோஷரா இருந்தா அது தொட்ட ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ் எல்லாமே கூடவே உயிரோட இருக்கும். லிஸ்டுக்கு பதிலா ஹேண்டில் அட்ரஸை சாவியா வச்சு டிக்‌ஷனரில போடுங்க, அன்ரெஜிஸ்டர் பண்ணும்போது அங்கேர்ந்தும் எடுங்க.

சி பக்க ஆப்ஜெக்ட் பைதான் கால்பேக்கை பிடிச்சிருக்கு, கால்பேக் திரும்ப அதே ஆப்ஜெக்டை பிடிச்சிருக்குன்னா அது சைக்கிள். நீங்க சொந்தமா எழுதின டைப்ல ஹேவ்-ஜிசி ஃப்ளாகும், ட்ராவர்ஸ், க்ளியர் ரெண்டு ஃபங்ஷனும் இல்லன்னா பைதானோட ஜிசி அந்த வளையத்தை பாக்கவே முடியாது, காலத்துக்கும் இருக்கும். வேற த்ரெட்லேர்ந்து கால்பேக் வந்தா ஜில்-ங்கற பைதான் பூட்டை எடுக்கற ஜில்-ஸ்டேட்-என்ஷ்யூர், விடற ஜில்-ஸ்டேட்-ரிலீஸ் ரெண்டும் ஜோடியா இருக்கணும், நடுவுல எர்லி ரிட்டர்ன் வச்சுடாதீங்க.

7. இன்னும் கிடைக்கலையா: டூல், செலவு, நேரம்

எல்லா டூலும் ஃப்ரீ. செலவு ஆகறது உங்க நேரமும், பெரிய மெமரி உள்ள ஒரு மெஷினும்தான்.

மெம்ரேங்கற மெமரி ப்ரொஃபைலர்லேர்ந்து ஆரம்பிங்க. ப்ளூம்பெர்க் 2022-ல ஓப்பன் சோர்ஸா வெளியிட்டது, லினக்ஸ்லயும் மேக்லயும் ஓடும், பிப்-ல இன்ஸ்டால் பண்ணிக்கலாம். நேட்டிவ் ஆப்ஷன் போட்டு ரன் பண்ணா சி ஃபங்ஷன் பேரும் பைதான் ஃபங்ஷன் பேரும் ஒரே ஸ்டாக்ல வரும், ரெண்டு மொழி லீக்குக்கு இதை விட வசதி வேற இல்ல. ஃப்ளேம்கிராஃப் எடுக்கும்போது லீக்ஸ் ஆப்ஷன் போடுங்க. ரன் பண்ணும்போதே பைதான்மாலக் என்விரான்மென்ட் வேரியபிளை மாலக்னு வச்சுடுங்க, இல்லன்னா பைதான் அலொகேட்டர் உள்ளுக்குள்ள ரீயூஸ் பண்றதெல்லாம் சேர்ந்து படத்தை குழப்பும்.

அதுல புரியலன்னா வால்கிரைண்ட். 20-லேர்ந்து 30 மடங்கு மெதுவா ஓடும், 2 நிமிஷ டெஸ்ட் ஒரு மணி நேரம் பிடிக்கும், அதனால முழு டெஸ்ட் சூட்டை போடாதீங்க, 1-வது படில எழுதின குட்டி ஸ்கிரிப்டை 100 லூப்போட போடுங்க. இங்கயும் பைதான்மாலக் மாலக்தான். ரிப்போர்ட்ல ஸ்டில் ரீச்சபிள்னு பக்கம் பக்கமா வரும், பைதான் கடைசி வரை வச்சிருக்கற விஷயங்க அது, கண்டுக்காதீங்க. டெஃபினிட்லி லாஸ்ட்ல உங்க லைப்ரரி பேர் வருதா, எண்ணிக்கை 100-ஓ 100-ஓட மடங்கோன்னு மட்டும் பாருங்க. 100 தடவை கூப்பிட்டு 100 ப்ளாக் தொலைஞ்சிருந்தா ஆள் மாட்டிக்கிட்டான். எக்ஸ்டென்ஷனை டெபக் சிம்பலோட கம்பைல் பண்ணியிருக்கணும், இல்லன்னா பேர் வரவேண்டிய இடத்துல கேள்விக்குறிதான் வரும்.

கம்பைலரோட வர்ற மெமரி செக்கரான அட்ரஸ் சானிடைசர் வேகம் (ஏறக்குறைய ரெண்டு மடங்குதான் மெதுவாகும்), ஆனா எக்ஸ்டென்ஷனை அதோட மறுபடி கம்பைல் பண்ணி, பைதானுக்கு முன்னாடியே அதோட லைப்ரரியை ப்ரீலோட் பண்ணணும், செட்டப்லயே அரை நாள் போகும். சோர்ஸ் கைல இல்லாத லைப்ரரின்னா யோசிக்கவே வேண்டாம்.

ரெஃப்கவுண்ட் லீக்குன்னா டெபக் பில்டா கம்பைல் பண்ண பைதான் நல்லா உதவும், அதுல சிஸ் கெட்-டோட்டல்-ரெஃப்கவுண்ட்னு ஒண்ணு கூடுதலா இருக்கும். கால் பண்றதுக்கு முன்னாடி பின்னாடி எடுத்தா வித்தியாசம் நேரா தெரியும். 3.12-லேர்ந்து நன், ட்ரூ, குட்டி நம்பர் எல்லாம் இம்மார்ட்டல் ஆயிடுச்சு, அதோட எண்ணிக்கை மாறாது. அதனால டெஸ்ட் டேட்டாவுல 1, 2, 3-ன்னு போடாம பெரிய நம்பர், புது ஸ்ட்ரிங்னு குடுங்க, இல்லன்னா லீக் இருந்தும் பூஜ்யம் காட்டும்.

8. சரி பண்ற வரைக்கும், சரி பண்ணதுக்கு அப்புறம்

ப்ரொடக்‌ஷன் எரிஞ்சுக்கிட்டு இருக்குன்னா முதலுதவி: குனிகார்ன்ல (பைதான் வெப் சர்வர்) மேக்ஸ்-ரிக்வெஸ்ட்ஸ் போடுங்க, அத்தனை ரிக்வெஸ்ட் முடிஞ்சதும் வொர்க்கரே புதுசா பிறக்கும். கூடவே ஜிட்டர் ஆப்ஷனும் போடுங்க, இல்லன்னா எல்லா வொர்க்கரும் ஒரே நேரத்துல ரீஸ்டார்ட் ஆகி சைட் ஒரு நிமிஷம் திணறும். பின்னணி வேலை ஓட்டற செலரின்னா மேக்ஸ்-டாஸ்க்ஸ்-பெர்-சைல்ட். இதுல ஒண்ணும் கேவலம் இல்ல, சோர்ஸ் கிடைக்காத வெண்டர் லைப்ரரிக்கு பல சமயம் இதுதான் கடைசி தீர்வும்கூட.

சரி பண்ணதும் அந்த குட்டி ஸ்கிரிப்டை தூக்கிப் போடாம சிஐ-ல (கோட் மாறும்போதெல்லாம் தானா டெஸ்ட் ஓடற இடம்) டெஸ்டா சேருங்க. ஆர்எஸ்எஸ் கொஞ்சம் ஆடும், அதனால பூஜ்யம்தான் வரணும்னு எழுதினா அடிக்கடி சும்மாவே ஃபெயில் ஆகி யாராவது டிசேபிள் பண்ணிடுவாங்க. வார்ம்-அப்புக்கு அப்புறம் 50,000 கால், 5 எம்பிக்கு மேல ஏறினா ஃபெயில், இந்த மாதிரி வைங்க. ஒரு காலுக்கு 100 பைட்டுக்கு கொஞ்சம் மேல ஒழுகினாலே மாட்டிடும். எரர் வர்ற இன்புட்டுக்கும் தனியா ஒரு லூப் வைங்க.

லீக் உங்க கோட்ல இல்ல, லைப்ரரி உள்ளேயேன்னு தோணினா, பக் ரிப்போர்ட் போடறதுக்கு முன்னாடி பைதானே இல்லாம வெறும் சி-ல 20 வரி ப்ரோக்ராம் எழுதி வால்கிரைண்ட் ரிப்போர்ட் எடுங்க. மெயின்டெய்னர் முதல்ல கேக்கறது அதைத்தான், பைதான் ஸ்டாக் அனுப்பினா திருப்பி அனுப்பிடுவாங்க. அந்த சி ப்ரோக்ராம்ல ஒண்ணுமே ஒழுகலன்னா லைப்ரரி மேல குத்தம் இல்ல, 3-வது படி ஷீட்டுக்கு திரும்பப் போய் காலியா விட்ட வரியை நிரப்புங்க.